கணவாய் மீனும் கல்யாண போட்டோவும்

பழைய போட்டோ என்றால் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள். சினிமாவில் பிளாஷ்பேக் வந்தால் பழுப்பு. சஷ்டியப்தபூர்த்தி பத்திரிகையில் தாத்தா பாட்டி படம் போட்டால் பழுப்பு. போன மாதம் மெரைன் டிரைவில் செல்போனில் எடுத்த படத்தைக்கூட ஒரு தட்டு தட்டிப் பழுப்பாக்கி, "வின்டேஜ் லுக்" என்று குடும்ப குரூப்பில் அனுப்புகிறார்கள். அனுப்பட்டும். விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை :-)

எனக்குக் கடுப்பு வருவது வேறு இடத்தில். செபியா என்பது கம்ப்யூட்டரில் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு சாயம் என்று நம்புகிற ஆள், சுவரில் தொங்குகிற அசல் கறுப்பு வெள்ளை பிரிண்ட்டை எதற்காகக் காப்பாற்றப் போகிறார்? காப்பாற்றுவதில்லை. ஸ்கேன் பண்ணி, பழுப்பு பூசி, பளபள தாளில் அடித்து, புது ஃபிரேமில் மாட்டிவிட்டு, அசலைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள். மும்பையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. தாத்தாவின் கல்யாண போட்டோவைச் "சரிபண்ண"க் கொடுத்தார்கள். கடைக்காரர் புதிதாக அடித்த படத்தைக் கொடுத்தார். "பழசு எங்கே?" என்று கேட்டதற்கு, "அது எதுக்கு சார், ஃபுல்லா பூஞ்சை, அதான் புதுசு வந்துடுச்சே" என்றாராம். குடும்பமும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டது.

இந்தக் காரியத்துக்கு "ரெஸ்டோரேஷன்" என்று பெயர். இதைத் திட்டுவதற்கு முன்னால், செபியா என்றால் உண்மையில் என்ன, ஸ்பிளிட் டோனிங் என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட வேதியியல்தான், பயப்படாதீர்கள்.

கறுப்பு வெள்ளை பிரிண்ட்டில் கறுப்பாகத் தெரிவது மை இல்லை. வெள்ளி. நிஜமான வெள்ளி உலோகம், மிக நுண்ணிய துகள்களாக, ஜெலட்டின் படலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தில் வெள்ளி அதிகம், அது கறுப்பு. வெளிச்சம் படாத இடத்தில் வெள்ளி இல்லை, அது தாளின் வெள்ளை. ஆக, தாத்தாவின் மீசையும் பாட்டியின் கொண்டையும் வெள்ளியால் ஆனவை.

வெள்ளிக்கு என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பூஜை அறையில் இருக்கிற வெள்ளிக் குங்குமச் சிமிழ் நாலு மாதம் துடைக்காமல் விட்டால் கறுத்துவிடும். விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். அந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது. சிமிழைத் தேய்க்கலாம். போட்டோவைத் தேய்க்க முடியாது. அதில் இருக்கும் வெள்ளி அவ்வளவு கொஞ்சம். ஈரமும் அசுத்தக் காற்றும் பட்டால் அந்தத் துகள்கள் அரித்து, கரைந்து, படலத்துக்குள் நகர்ந்து, மேல்பரப்பில் வந்து மறுபடி படியும். பழைய படங்களின் ஓரங்களில், கறுப்பான இடங்களில், சாய்த்துப் பார்த்தால் நீலமாகக் கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியுமே, அது இதுதான். படம் தன் வெள்ளியை வெளியே கக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைத் தடுக்கத்தான் டோனர். வெள்ளியை உலோகமாகவே விட்டுவைக்காமல், அதைவிட அசையாத ஒரு பொருளாக முன்கூட்டியே மாற்றிவிடுவது. செபியா டோனிங்கில் இரண்டு கட்டம். முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த பிளீச். வெள்ளி, வெள்ளி புரோமைடாக மாறி, படம் கண்ணெதிரே வெளுத்துப்போகும். நன்றாகக் கழுவிவிட்டு, சோடியம் சல்பைடு கரைசலிலோ காரம் சேர்த்த தயோயூரியா கரைசலிலோ போட்டால், காணாமல் போன படம் பழுப்பாகத் திரும்பி வரும். அந்தப் பழுப்பு வெள்ளி சல்பைடு.

"என்னய்யா இது, சிமிழைக் கெடுத்ததும் வெள்ளி சல்பைடு, படத்தைக் காப்பாற்றுவதும் வெள்ளி சல்பைடா?" என்று கேட்பீர்கள். ஆமாம். ஊறுகாய் ஜாடியில் உப்பில் கிடக்கிற மாவடுவும் மாங்காய்தான், கூடையில் அழுகுகிறதும் மாங்காய்தான். வேண்டுமென்று, முழுதாக, ஒரே சீராக மாற்றினால் அது பாதுகாப்பு. கண்டபடி, அங்கங்கே, பாதியாக மாறினால் அது கேடு. இங்கே இன்னொரு விஷயம். அவசரத்தில் சரியாகக் கழுவாத பிரிண்ட்டில் ஹைப்போ தங்கிவிடும். அந்த ஹைப்போவில் இருக்கும் கந்தகம் வருஷக்கணக்கில் படத்தை உள்ளிருந்தே தின்னும். முதலில் போவது மெல்லிய வெளிச்சப் பகுதிகள். முகத்தின் நெற்றி, வேட்டியின் மடிப்பு. எல்லாம் மஞ்சளடித்து மங்கிப்போகும். இந்த நோயைப் பார்த்துத்தான் "ஆஹா, செபியா!" என்று நாம் ரசிக்கிறோம். காமாலை வந்தவனைப் பார்த்து தங்க நிறம் என்று சொல்வது போல.

செபியா என்ற சொல்லே கணவாய் மீனிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அந்த மீனின் பெயர் அது. அதன் மையிலிருந்து எடுத்த பழுப்பு நிறத்தை ஓவியர்கள் பயன்படுத்தினார்கள். டோன் செய்த போட்டோ அந்த நிறத்தில் இருந்ததால் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. போட்டோவில் கணவாயும் இல்லை, மையும் இல்லை. பெயர் நிறத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இனி ஸ்பிளிட் டோனிங். டார்க் ரூம் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

செபியாவின் பிளீச் முதலில் கடிப்பது வெள்ளி குறைவாக இருக்கும் வெளிச்சப் பகுதிகளை. செலினியம் டோனர் நேர் எதிர். அது முதலில் பிடிப்பது வெள்ளி அடர்ந்திருக்கும் நிழல் பகுதிகளை. வெள்ளியை வெள்ளி செலினைடாக மாற்றுகிறது. இந்த இரண்டின் குணத்தையும் வைத்து ஆடுகிற ஆட்டம்தான் ஸ்பிளிட் டோனிங். பிளீச்சை நன்றாக நீர்க்க வைத்து, பிரிண்ட்டைக் கொஞ்ச நேரமே அதில் போட வேண்டும். வெளிச்சப் பகுதிகள் மங்கத் தொடங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். கழுவி, சல்பைடு அல்லது தயோயூரியா. வெளிச்சப் பகுதிகள் மட்டும் பழுப்பாகத் திரும்பும். மறுபடி நன்றாகக் கழுவி, செலினியத்தில் சில நிமிடங்கள். ஏற்கெனவே சல்பைடாக ஆன பகுதியை செலினியம் தொடாது. மிச்சமிருக்கும் வெள்ளியை, அதாவது நிழல்களை, அது எடுத்துக்கொள்ளும். கறுப்பு இன்னும் ஆழமாகும். குளோரோபுரோமைடு வகைத் தாளாக இருந்தால் லேசாகக் கத்தரிப்பூ நிறம் கலந்த கறுப்பாகும்.

ஒரு கல்யாணப் படத்தில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டு வேட்டியின் வெள்ளையில் பாலேடு மாதிரி ஒரு வெதுவெதுப்பு. தலைமுடியிலும் கோட்டின் மடிப்பிலும் குளிர்ந்த, ஆழமான கறுப்பு. முகம் இரண்டுக்கும் நடுவில். எந்த இடத்தில் சூடு முடிந்து குளிர்ச்சி தொடங்குகிறது என்பதை, அன்று ஸ்டுடியோவில் மாப்பிள்ளை முகத்தில் விழுந்த வெளிச்சம் எவ்வளவு வெள்ளியை உண்டாக்கியதோ அது தீர்மானிக்கிறது. பிரிண்ட் போடுகிறவர் நேரத்தையும் கரைசலின் அடர்த்தியையும் மட்டுமே தீர்மானிக்கிறார். அழகும் பாதுகாப்பும் ஒரே வேலையில் நடக்கின்றன. தங்க டோனர் இன்னும் ஒரு படி மேலே. சாதாரண பிரிண்ட்டில் போட்டால் நீலம் கலந்த கறுப்பு, செபியா ஆன பிரிண்ட்டில் போட்டால் செம்மஞ்சள். ஒரே திரவம், இரண்டு விதமான நடத்தை. அமெரிக்காவின் ஆன்செல் ஆடம்ஸ் தன் பிரிண்ட்டுகளுக்கு செலினியம் பயன்படுத்தியதும், பிரிட்டனின் டிம் ரட்மன் டோனிங்குக்கு என்றே தனிப் புத்தகம் எழுதியதும் பொழுதுபோகாமல் இல்லை.

இப்போது கம்ப்யூட்டர்காரர்களுக்கு வருகிறேன். (நானும் அதே பிழைப்புதான், அதனால் உரிமையோடு திட்டலாம்.) அடோபி லைட்ரூம் 2007-இல் வந்தபோது "ஸ்பிளிட் டோனிங்" என்றே ஒரு பகுதி இருந்தது. வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், இழுத்துவிட வேண்டியதுதான். 2020 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு "கலர் கிரேடிங்" என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு அந்த மாற்றத்தில் சந்தோஷம். ஏனென்றால் அது எப்போதுமே நிறம் பூசுவதுதான். டார்க் ரூமில் இருந்து பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பெயருக்குக் காரணமான குணத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பதின்மூன்று வருஷம் கழித்துப் பெயரையும் விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைக்கே டோனிங் என்றால் ஸ்லைடர் என்று பதிந்துவிட்டது.

"அதனால் என்ன? கண்ணுக்கு ஒரே மாதிரிதானே தெரிகிறது?" என்று கேட்கலாம். திரையில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். நல்ல பிக்மென்ட் மையில், நல்ல பருத்தித் தாளில் அடித்த டிஜிட்டல் படமும் நெடுநாள் உழைக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை டிஜிட்டலோடு இல்லை. மலிவுத் தாளில் பழுப்பு பூசி அடித்த பிரதியைக் காட்டி "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று சொல்லி அசலைக் குப்பையில் போடுகிற வியாபாரத்தோடுதான். ஒன்று பாடம் செய்த பொருள். இன்னொன்று பாடம் செய்தது மாதிரி வேஷம் போட்ட பொருள். வேஷத்தை நம்பி அசலைத் தொலைக்கிறோம்.

அடுத்த கூத்து, கலர் போடுவது. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் மெஷின் பத்து வினாடியில் கலர் பண்ணித் தருகிறது. குழந்தைகள் குதிக்கிறார்கள். ஆனால் சாம்பல் நிறத்துக்குள் அசல் நிறம் ஒளிந்திருக்கவில்லை. ஒரே அளவு சாம்பல், சிவப்பாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம். போதாததற்கு அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்கும் பிலிமுக்கும் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாகவே பதிவாகும். பாட்டி வைத்திருந்த குங்குமம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அரக்குக் கூறைப்புடவை கறுப்புப் புடவையாகத் தெரியும். கல்யாணத்தில் கறுப்புப் புடவையா என்று மெஷின் யோசிக்குமா? அதற்குத் தெரிந்த ஒரு நிறத்தைப் பூசிவிடும். நாலு வருஷம் போனால் பேரப் பிள்ளைகள் "பாட்டி நீலப் புடவையில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள்" என்று சாட்சி சொல்லும்.

இதெல்லாம் ஊரில் இருப்பவர்களைவிட நமக்குத்தான் ஏன் முக்கியம்? இரண்டு காரணம்.

ஒன்று, நாம் போட்டோவைக் கொண்டுவந்து வைத்திருக்கும் இடம். திருநெல்வேலி வெயிலில், காற்றோட்டமான முற்றத்துச் சுவரில் நாற்பது வருஷம் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு வந்து மும்பை ஃபிளாட்டில் மாட்டுகிறோம். இங்கே ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை சுவரே வியர்க்கிறது. நான் இருக்கும் செம்பூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளின் காற்று வேறு. ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு எண்ணெய் பெயின்ட் அடிப்போம். காய்கிற பெயின்ட்டிலிருந்து வரும் பெராக்ஸைடுகள் வெள்ளிக்குப் பரம எதிரி. டோன் செய்யாத பிரிண்ட் இதையெல்லாம் தாங்க ரொம்பக் கஷ்டப்படும்.

இரண்டாவது, நமக்கு வேறு சாட்சி கிடையாது. ஊரில் இருப்பவர்களுக்கு வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, "இவன் இன்னார் பேரன்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இந்தியிலும் மராத்தியிலும் பேசி, ஆங்கிலத்தில் எழுதி வளர்கிறார்கள். தாத்தாவின் கடிதத்தைக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. போட்டோவைக் கொடுத்தால் "மூக்கு அப்பா மாதிரியே இருக்கு" என்கிறார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் புரிகிற ஒரே ஆவணம் அது. அதன் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், ஊர் பெயர் இருக்கும், யாரோ பென்சிலில் எழுதிய தேதி இருக்கும். ஸ்கேன் பண்ணும் கடைக்காரர் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்திருக்கிறது. வெளிநாட்டு நூலகத்துக்குத் தெரிகிற மதிப்பு நம் வீட்டு ஹாலில் தெரியவில்லை.

ஸ்கேன் பண்ணாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் பண்ணுங்கள். ஆனால் ஸ்கேன் ஒரு நகல், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். பத்து வருஷம் கழித்து இன்னும் நல்ல ஸ்கேனர் வரும்போது வைத்து எடுக்க அசல் வேண்டும்.

"அப்படியானால் அசலையே டோன் பண்ணிவிடலாமா?" என்று ஆர்வக்கோளாறில் இறங்கிவிடாதீர்கள். கூடவே கூடாது. பிளீச்சில் போட்டது போட்டதுதான், திரும்பாது. ஐம்பது வருஷத்து ஜெலட்டின் தண்ணீரில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டியது வேறு. அசலைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு நகல் நெகட்டிவ் எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த கோப்பை டிரான்ஸ்பரன்சியில் அடித்தும் நெகட்டிவ் ஆக்கலாம். அதிலிருந்து நல்ல ஃபைபர் தாளில் ஒரு வெள்ளி பிரிண்ட் போட்டு, அதை டோன் செய்து சுவரில் மாட்ட வேண்டும். ஸ்லைடரால் பூசிய பழுப்புக்குப் பதில் கந்தகத்தால் வந்த பழுப்பு.

இதற்கு எதிராக மூன்று விஷயம் சொல்வார்கள்.

"தாளே கிடைக்காதே!" ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இப்போது இல்லை, அந்த "இண்டு" தாளும் இல்லை. கோடாக் 2005-இலேயே கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. உண்மை. ஆனால் பிரிட்டனின் இல்போர்டும் செக் நாட்டின் ஃபோமாவும் இன்னும் தயாரிக்கின்றன. பெரிய நகரங்களில் டார்க் ரூம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். கேட்பவர்கள் இல்லாததால்தான் குறைகிறார்கள்.

"விஷமாச்சே!" ஆமாம், விஷம்தான். செலினியம் உப்புகள் நச்சு. சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதில் அமிலம் பட்டால் வரும் வாயு ஆளைக் கொல்லும். கையுறை, காற்றோட்டம், தனி இடம் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. உங்கள் அடுக்களையில் செய்யச் சொல்லவில்லை. தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்கிறேன்.

"செலினியம் போட்டால் மட்டும் சாகாவரமா?" நல்ல கேள்வி. இல்லை. அமெரிக்காவின் ரோசெஸ்டரில் இருக்கும் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் மைக்ரோபிலிமை வைத்துச் செய்த ஆய்வுகளில், நீர்த்த செலினியம் லேசான வெளிச்சப் பகுதிகளுக்குப் போதுமான பாதுகாப்புத் தருவதில்லை என்றும், சல்பைடு வகை டோனிங் நன்றாகத் தாங்குகிறது என்றும் தெரிந்தது. செலினியம் எட்டாத அந்த வெளிச்சப் பகுதியைத்தான் ஸ்பிளிட் டோனிங்கில் செபியா பிடித்துக்கொள்கிறது. அழகுக்கு என்று ஆரம்பித்த முறை பாதுகாப்புக்கும் பொருந்தி வருகிறது.

இவ்வளவு செலவும் அலைச்சலும் வேண்டாம் என்பவர்கள், காசு செலவில்லாத வேலையையாவது செய்யுங்கள். படத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். பெயின்ட் அடிக்கும்போது படத்தை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள், வாசனை முழுதாகப் போகும்வரை கொண்டுவராதீர்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை ஓரம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டிவிட்டிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே ஸ்கேன் பண்ணுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கடையில் கொடுக்கும்போது "அசல் திரும்ப வேணும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

முக்கியமாக, மிருதுவான பென்சிலால் பின்பக்கத்து ஓரத்தில் பெயர்களை எழுதுங்கள். பால்பென் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். யார், எந்த ஊர், எந்த வருஷம், யாருக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், உங்கள் பிள்ளை படிக்கிற எழுத்திலும் எழுதுங்கள். ஊரில் இருக்கிற அத்தைக்கு இந்த வாரமே போன் போட்டு, இடது பக்கம் மூன்றாவதாக நிற்கிறவர் யார் என்று கேளுங்கள். அத்தைக்கு எண்பது வயது ஆகிறது.